பச்சை நல்லா சுத்துது!

போன வாரம் மாவு மில்காரரை, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிய கோலத்தில் விட்டிருந்தோம். மனிதர் ஒரு வாரமாக யோசித்து முடித்துவிட்டார். இன்று சாயங்காலம் சங்கக் கூட்டத்துக்கு நேரில் வந்து பதில் சொல்வதாகத் தகவல் அனுப்பியிருந்தார்.

அவர் யோசித்த வாரம் முழுக்க ரொட்டிக்கடைக்காரி சரியாகத் தூங்கவில்லை.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. மெயின் ரோட்டில் ஒரு பெரிய கடை வந்தது. குளுகுளு காற்று, தள்ளிக்கொண்டு போகக் கூடை வண்டி, வேண்டியதெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. தெரு ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. தையல்கடை, மருந்துக்கடை, சலூன், விறகுக்கடை என்று எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, ரொட்டிக்கடைக்காரிதான் சங்கத்தைக் கூட்டி, "நமக்குன்னு நாமளே ஒரு பணம் அடிச்சா என்ன?" என்றாள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் அடித்தார்கள்.

பச்சை அட்டையில் சங்க முத்திரை குத்திய சீட்டு. பேரே பச்சை என்று ஆகிவிட்டது. மருந்துக்கடையில் நூறு ரொக்கம் கட்டினால் நூற்றுப் பத்துக்குப் பச்சை தருவார்கள். இந்தத் தெருவில் எந்தக் கடையிலும் செல்லும். தெருமுனை தாண்டினால் வெறும் அட்டை. வாங்கின கடைக்காரர் அதைத் தெருவிலேயே செலவழிக்க வேண்டும். ரொக்கமாக மாற்றிக்கொள்வது வருஷக் கடைசியில் ஒரே ஒரு தடவைதான். "உடனுக்குடனே மாத்திக்கிட்டா அப்புறம் அது எதுக்குச் சுத்தணும்?" என்று கேட்டு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளும் இவளேதான். அன்றிலிருந்து தெருவுக்கு இவள் செயலாளரம்மா.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் ரொட்டி தினமும் வேண்டிய பண்டம். தெருவில் யார் கையில் பச்சை இருந்தாலும் அது கடைசியில் ரொட்டிக்கடைக்குத்தான் வந்து சேர்ந்தது. மில்லோ பக்கத்துத் தெருவில். அங்கே ரொக்கம் கொடுத்தால்தான் மாவு மூட்டை இறங்கும்.

பச்சையை எப்படியாவது செலவழிக்க வேண்டுமே! வீட்டில் அறுந்த செருப்பு, அறாத செருப்பு எல்லாம் தைத்தாகிவிட்டது. எல்லா ஜன்னலுக்கும் திரை. ஜன்னல் இல்லாத சுவருக்கும் ஒரு திரை. கடையில் அடுப்பு பார்க்கும் அவள் புருஷன், ஊரெல்லாம் மாஸ்டர் என்று கூப்பிடுகிற மனிதர், இந்த மாதம் மட்டும் மூன்று தடவை முடி வெட்டிக்கொண்டார். "மாஸ்டர், இனிமே வெட்டணும்னா காதைத்தான் வெட்டணும்" என்று சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு மாதமாக மில்காரர் மாவைக் கடனுக்குத் தருவதாக மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் அவருடைய பதிலுக்கு இவ்வளவு காத்திருப்பு. பக்கத்துத் தெருவும் சங்கத்தில் சேர்ந்து, மில்காரர் பச்சைக்கு மாவு கொடுக்கச் சம்மதித்தால் அடுப்பு எரியும். இல்லையென்றால் அணையும். ரொட்டிக்கடை பச்சையை வாங்காத மறுநாளே அதை வேறு எவரும் வாங்க மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

விடிந்தும் விடியாததுமாக மாஸ்டர் கடைசித் தட்டை அடுப்பிலிருந்து இழுத்து வைத்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. புருவத்தில் மாவு.

"மூட்டை ரெண்டுதான் இருக்கு" என்றார்.

"சாயங்காலம் மில்காரர் சரின்னுடுவார்."

"ம்."

"என்ன ம்?"

"ம்-ன்னா ம்-தான். தூக்கம் வருது, ஆளை விடு."

கல்லாவுக்கு வந்து ஷட்டரைத் தூக்கினாள். தோள்பட்டையில் சுருக்கென்றது. வாசலில் கரும்பலகை. 'இன்று கைமாறிய பச்சை' என்று மேலே நிரந்தரமாக பெயிண்டில் எழுதி, கீழே தினமும் மாலை சாக்பீஸில் எண் போடுவாள். அன்றைக்குத் தன் கல்லாவுக்கு வந்த சீட்டு எத்தனை என்ற கணக்கு. இரண்டு மாதமாக எண் ஏறிக்கொண்டே போகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மாவு இறக்க வரும்போது மில்காரரும் பார்ப்பார்.

முதல் ஆளாக விடுதிச் சமையல்காரம்மா கூடையோடு வந்தாள்.

தெருக்கோடியில் இருக்கும் பெண்கள் விடுதி மாஸ்டரின் அக்காவுடையது. அதாவது நம் கதாநாயகிக்கு நாத்தனார். பச்சை வந்த புதிதில், "சொப்பு வச்சு விளையாடற வயசா இது?" என்று எல்லார் முன்னாலும் கேட்ட அம்மாள் அவர். அப்பேர்ப்பட்டவர் இரண்டு மாதமாக விடுதிக்கு வேண்டிய ரொட்டி முழுவதையும் பெரிய கடையை விட்டுவிட்டு இங்கேதான் வாங்குகிறார். அதுவும் பச்சையில்! நாத்தனாரையே வளைத்துவிட்டோம் என்று இவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. இத்தனை அலுப்பிலும் அது ஒன்றுதான் அவளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது.

சமையல்காரம்மா ரப்பர் பேண்டு போட்ட பச்சைக் கட்டை நீட்டினாள். விரித்துப் பார்த்ததும் இவள் முகம் மலர்ந்தது.

"பாருங்க, ரோஸ் வந்துடுச்சு!"

ரோஸ் என்பது ஒரு சீட்டு. பத்து நாளுக்கு முன்னால் குறுக்கே கிழிந்துபோனதை, கேக் பெட்டி ஒட்டும் ரோஸ் கலர் டேப் போட்டு இவளே ஒட்டினாள். அந்த டேப் தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. அன்று சாயங்காலம் மற்ற சீட்டுகளோடு அதையும் கட்டி மாஸ்டரிடம் விறகுக்கடைக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை விடுதி கொடுத்த சீட்டுகளுக்கு நடுவே ரோஸ் திரும்பி வந்தது. திரும்பவும் விறகுக்கு அனுப்பினாள். திரும்பவும் வந்தது.

இவள் சந்தோஷத்தில் மிதந்தாள். அது எந்த வழியாக வருகிறது என்று தானாகவே ஒரு படமும் போட்டு வைத்திருந்தாள். விறகுக்கடைக்காரர் அதைத் தையல்கடையில் கொடுப்பார். தையல்கடை முதலாளி வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு கொடுப்பார். அந்தப் பெண் விடுதி வாடகையில் சேர்த்துக் கொடுப்பாள். விடுதி ரொட்டி வாங்கும். தெருவையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரோஸ் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறது! சலூன்காரரிடம் சொன்னாள், மருந்துக்கடையில் சொன்னாள், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னாள்.

ஒரே ராத்திரியில் இத்தனை கை மாறுமா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆசைப்பட்டது கண் முன்னால் நடக்கும்போது நாம் யாரும் கேட்பதில்லைதான்.

வெயில் ஏறியதும் விறகுக்கடைக்காரர் வந்தார். ஒரு பன்னும் டீயும் அவருடைய வழக்கம். இன்று ரொக்கமாகச் சில்லறை வைத்தார்.

"என்னண்ணே, பச்சை இல்லையா?"

"எங்கேம்மா வருது நம்ம பக்கம்? நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். போர்டுல நம்பர் என்னமோ ஏறுது. என் கல்லாவுல ஒத்தச் சீட்டு கிடையாது. மாஸ்டர் கடைப்பக்கம் வந்தே மாசம் ரெண்டாச்சு."

அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "தினமும் விறகுக்குன்னுதானே எடுத்துட்டு வர்றார்?"

"எந்த விறகு? போன தடவை இறக்கின லோடே உங்க பின்கட்டுல கிடக்குமே. அதைத்தான் எரிக்கிறார்னு நினைக்கிறேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் பன்னைப் பிய்த்து அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார். "சரி, நான் வரட்டுமா, வண்டி நிக்குது."

வண்டி எதுவும் நிற்கவில்லை.

பின்கட்டுக்கு அவள் போயே பல நாளாகிவிட்டது. காலையிலிருந்து இரவு வரை கல்லா, அதற்கு மேல் சங்கக் கணக்கு. இன்று போய்ப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த விறகு முழங்காலுக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் காலி மாவுச் சாக்குகளை விரித்து அதன் மேல் மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒட்ட வெட்டிய தலையில் அங்கங்கே நரை.

எழுப்பவில்லை. எதிரே ஒரு விறகுக் கட்டையைப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் வந்தது. எழுந்து நின்று சத்தம் போடுகிற அளவுக்கு அதில் சக்தி இல்லை. உட்கார்ந்ததும் கால் இரண்டும் 'அப்பாடா' என்றன. அதற்காகவும் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவரே கண்ணைத் திறந்தார். அவள் கையில் ரோஸ் இருந்தது. அதைப் பார்த்தார், விறகைப் பார்த்தார், எழுந்து உட்கார்ந்தார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நீங்க சொல்லுங்க."

"டீ இருக்கா?"

"இல்லை."

மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாவு எங்கேருந்து வந்துதுன்னு நினைச்சே?"

"மில்காரர் கடனுக்குத் தர்றார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவரா? அவர் பெத்த தாய்க்கே கடன் தர மாட்டார்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அக்காகிட்ட குடுத்து ரொக்கம் வாங்கினேன்."

"எவ்வளவுக்கு?"

"விடேன்."

"நூறுக்கு எவ்வளவுங்க?"

"எண்பது."

பின்கட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடக்கூட இருவரும் எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் இவர் பச்சையைக் கொண்டுபோய் அக்காவிடம் எண்பதுக்குக் கொடுக்கிறார். காலையில் அக்கா அதே பச்சையை நூறென்று கொடுத்து இவர்கள் கடையிலேயே ரொட்டி வாங்குகிறார். ரோஸ் தையல்கடையும் பார்க்கவில்லை, சம்பளக் கவரும் பார்க்கவில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்திருக்கிறது. அதைத்தான் இவள் போர்டில் எழுதினாள். கூட்டத்தில் எழுந்து நின்று, "பச்சை நல்லா சுத்துது" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லத்தான் வந்தேன். போன கூட்டத்துக்கு அப்புறம். நீ நம்பரைச் சொல்லிட்டு வந்து உட்கார்ந்தே. கல்யாணம் ஆனதுலேருந்து உன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். மாஸ்டர் எழுந்து போய்க் குழாயை மூடினார்.

மத்தியானம் கடையை அவரிடம் விட்டுவிட்டு நாத்தனாரின் விடுதிக்கு நடந்தாள்.

விடுதி ஆபீஸ் அறையில் மின்விசிறி கடகடத்தது. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கொரு சாவி. நாத்தனார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, முழங்காலில் வெந்நீர்ப் பை வைத்திருந்தார்.

"வா. உட்கார். முகமெல்லாம் ஏன் இப்படி வீங்கியிருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணி."

"பொய். சரி, சொல்லு. தெரிஞ்சுபோச்சா?"

இப்படி நேரடியாகக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் கலைந்து போயின.

"சொந்தத் தம்பிகிட்டயே நூறுக்கு இருபது எடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

நாத்தனார் வெந்நீர்ப் பையை மற்ற முழங்காலுக்கு மாற்றினார். "பெரிய கடையில மொத்தமா எடுத்தா எனக்கு விலை குறைச்சுக் குடுத்தான். அதையே உன்கிட்டயும் கேட்டேன். ஞாபகம் இருக்கா? 'தெருவுல எல்லாருக்கும் ஒரே விலைதான் அண்ணி, சொந்தம்னு பார்த்தா நல்லா இருக்காது'ன்னே. நான் வாயை மூடிக்கிட்டுப் போயிட்டேன். அப்புறம் ஒரு நாள் உன் புருஷன் வந்து இதே வாசல்ல நின்னான். மாவு வாங்க ரொக்கமில்லைன்னு கண்ணைக் கசக்கிட்டு நின்னான். நான் சும்மா குடுத்தா வாங்குவானா?"

"மாட்டார்."

"மாட்டான். ரோஷக்காரன். அதனால வாங்கிக்கிட்டேன். எனக்கும் முப்பது பேருக்கு வடிச்சுக் கொட்டியாகணும். எனக்கு இருபது மிச்சம், உனக்கு அடுப்பு எரியுது. நான் வாங்கலைன்னா ரெண்டு மாசம் முன்னாலயே உன் பச்சை மூட்டை கட்டியிருக்கும். அதையும் சேர்த்து எழுதிக்கோ உன் போர்டுல."

அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. தப்பு என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று விழுங்கவும் முடியவில்லை.

எழுந்திருக்கும்போது ஒன்று தோன்றியது. "அண்ணி, உங்க தம்பி மட்டும்தானா? இல்லை, வேற யாராவதும் எண்பதுக்குக் குடுக்க வர்றாங்களா?"

நாத்தனார் சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார்.

"அதை நான் சொல்லக் கூடாது. வர்றவங்க மானம்னு ஒண்ணு இருக்கு" என்றவர், "சாயங்காலம் கூட்டத்துக்கு நானும் வரேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் தெருவில் ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சலூன்காரர் கையை ஆட்டினார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். இதில் யாராக இருக்கும்? யாரையும் நேராகப் பார்க்க முடியவில்லை.

போர்டுக்கு எண் போடுகிற நேரம் வந்தது. சாக்பீஸை எடுத்தாள். ஈரத்துணியால் நேற்றைய எண்ணைத் துடைத்தாள். அதற்கு மேல் கை போகவில்லை. சாக்பீஸைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

"சொல்லிடப் போறேன்" என்றாள்.

மாஸ்டர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மில்காரர் முன்னாலயா?"

"ஆமா."

"சொன்னா அவர் சேர மாட்டார்."

"தெரியும்."

"ரெண்டு மூட்டைதான் இருக்கு."

"அதுவும் தெரியும். சொல்லாம மாவு வாங்கினா, அது அந்த மனுஷனை ஏமாத்தி வாங்கின மாவு. நம்ம கஷ்டத்தை அவர் தலையில கட்டறது. இல்லையா?"

மாஸ்டர் அதே தட்டை இரண்டாம் தடவையாகத் துடைத்தார். "சொல்லு. எனக்கும் பொய்யைத் தூக்கித் தூக்கிக் கை வலிக்குது."

கூட்டம் எப்போதும் போலத் தையல்கடையில். மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, துணி வெட்டும் நீள மேஜையைச் சுற்றி முக்காலி, ஸ்டூல், நூல் பெட்டி என்று கிடைத்ததில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கால் வைத்த இடத்திலெல்லாம் வெட்டி விழுந்த துணித் துண்டுகள். பக்கத்துத் தெருவிலிருந்து நாலைந்து கடைக்காரர்கள் மில்காரரோடு வந்திருந்தார்கள். அவர் தலை அசைத்தால்தான் அவர்களும் அசைப்பார்கள். மாஸ்டர் கதவோரம் ஒரு ஸ்டூலில். நாத்தனார் மட்டும் முன்வரிசையில், நல்ல நாற்காலியில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

மில்காரர் ஒல்லியான மனிதர். எவ்வளவு குளித்தாலும் காது மடிப்பில் மாவு போகாது. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. உங்க பச்சையை வாங்கி நான் சும்மா அடுக்கி வைக்கணுமா, இல்லை செலவு பண்ண முடியுமா? அது நிஜமாவே கை மாறுதா? உங்க போர்டைப் பார்த்துத்தான் எனக்கே ஆசை வந்தது. இன்னிக்கு வர்ற வழியில பார்த்தேன். போர்டு காலியா இருக்கு. ஏம்மா நம்பர் போடலை?"

எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

எழுந்தாள். தலை லேசாகச் சுற்றியது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த ரோஸை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி மேஜையில் வைத்தாள்.

"இந்தச் சீட்டைப் பாருங்க. கிழிஞ்சது. நான்தான் ஒட்டினேன். பத்து நாள்ல இது என் கல்லாவுக்குத் தினமும் திரும்பி வந்திருக்கு. ஒரு நாள் தவறாம…"

"ஆஹா!" என்றார் சலூன்காரர்.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

யார் முதலில் தட்டினார்கள் என்று தெரியவில்லை. படபடவென்று கைதட்டல் எழுந்தது. தையல்கடைக்காரர் மர ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். "இல்லைங்க, நான் சொல்ல வந்தது…" என்று அவள் வாய் அசைந்தது. அது அவளுக்கே கேட்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் ரோஸைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் மில்காரரிடம் போயிற்று. டேப்பைக் கட்டை விரலால் தடவினார்.

"தினமுமா!" என்றார். ஒரு வாரம் யோசித்த மனிதர் ஒரு நிமிஷத்தில் கரைந்துவிட்டார். "சரி. நாங்க சேர்றோம். நாளைக்குக் காலைல உங்க கடைக்குப் பத்து மூட்டை இறக்கறேன். பச்சையே குடுங்க."

மறுபடி கைதட்டல். யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சொல்ல வந்தாள், ஆரம்பித்தாள், அவர்கள் விடவில்லை. இதற்கு மேல் அவள் என்ன செய்ய முடியும்? பத்து மூட்டை மாவு. இன்று இரவு தூங்கலாம். அத்தனை அலுத்துப்போன ஒருத்தியை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கதவோரம் மாஸ்டரைத் தேடினாள். அவர் கை தட்டவில்லை. தலையைக் குனிந்து, விரல் நகத்தில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. எல்லாரும் எழுந்து போன பிறகும் நாத்தனார் நாற்காலியிலேயே இருந்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"பரவாயில்லை, பொழைச்சுக்குவே" என்றார் காதோடு. "பத்து மூட்டைக்குப் பச்சை அவர்கிட்ட போகும். அதுல எத்தனைக்குத்தான் அவர் முடி வெட்டிக்குவார்? கோதுமை வாங்க அவருக்கும் ஒரு நாள் ரொக்கம் வேணும்னு வரும். அப்போ என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பு."

கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வெளியே ஸ்கூட்டர் உறுமுகிற சத்தம் கேட்டது.

அவளுக்கு மில்காரர் ஒரு சாயங்காலம் நாத்தனார் வாசலில் நிற்பது கண்ணில் தெரிந்தது. தன் புருஷன் நின்ற அதே இடம். வீட்டில் அவர் பொண்டாட்டியிடம் என்ன பொய் சொல்லியிருப்பார்? விறகுக்கு என்றா?

மேஜையைப் பிடித்து எழுந்தாள். துணித் துண்டு ஒன்று காலில் சுற்றிக்கொண்டது. உதறிவிட்டுப் படியிறங்கினாள். ஓட வரவில்லை. வேகமாக நடந்தாள்.

"ஐயா! ஒரு நிமிஷம்."

மில்காரர் காலை ஊன்றித் திரும்பினார். ஸ்கூட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. முகத்தில் இன்னும் கூட்டத்துச் சிரிப்பு.

"என்னம்மா? மூட்டை பத்தாதா?"

அக்காவை விட்டுவிட்டு மாஸ்டர் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். தடுக்கத்தான் வருகிறாரோ என்று பார்த்தாள். வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான்.

"உள்ள நான் பேசி முடிக்கலைங்க" என்றாள். "அந்த ரோஸ் டேப் போட்ட சீட்டு தினமும் திரும்பி வந்தது நிஜம். ஆனா அது வேற எங்கேயும் போகலை."

மில்காரரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவளைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். கை நீட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.